கதை கம்மியான படம்

துறைமுகத்தில் பீம்ராவ் வாயைத் திறந்து யாரும் பார்த்ததில்லை. தியேட்டரில் அவர் வாயை மூடி யாரும் பார்த்ததில்லை. இரண்டு இடத்திலும் அவர் செய்தது ஒரே வேலைதான் என்பது அவருக்கே வெகுகாலம் கழித்துத்தான் உறைத்தது.

கப்பலிலிருந்து சரக்கு இறக்கும்போது கிரேன் ஓட்டுகிறவர் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பார். கடல் தெரியும், ராயபுரம் தெரியும், மாதா கோயில் கோபுரம்கூடத் தெரியும். கப்பலின் அடிவயிற்றில் இருக்கும் சரக்கறை மட்டும் தெரியாது. எதற்காக அவரை அங்கே ஏற்றி வைத்திருக்கிறார்களோ அதைத் தவிர மற்றதெல்லாம் தெரியும். ஆகவே சரக்கறையின் விளிம்பில் ஒரு ஆள் நிற்க வேண்டும். அவர் ஆட்காட்டி விரலை மேலே காட்டிச் சுழற்றினால் ஏற்று, கீழே காட்டிச் சுழற்றினால் இறக்கு, ஒரு புறங்கையின் மேல் மறு கையை வைத்தால் மெதுவாக, உள்ளங்கையை விரித்து நீட்டினால் நிறுத்து. சத்தத்தில் வாய்க்கு அங்கே வேலையில்லை. விரல் தப்பினால் ஒரு இரும்புச் சுருள் கீழே நிற்கிறவன் தலையில் இறங்கும். பீம்ராவ் விரல் ஒருநாளும் தப்பியதில்லை. சிக்னல்காரர் என்று பெயர்.

வீடு வியாசர்பாடியில், ஹவுசிங் போர்டு மூன்றாவது மாடி. அங்கே வரலட்சுமி இருந்தாள். கல்யாணமாகி மகள் மாயா நடக்கத் தொடங்கிய சமயத்தில் அவள் கண்ணுக்குள் நீரழுத்தம் ஏறி, ஓரங்களிலிருந்து இருட்டு சுருங்கி வந்து, கடைசியில் நடுவிலிருந்த வெளிச்சத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. வலியே இல்லாமல் வந்ததுதான் அந்த நோயின் அயோக்கியத்தனம். கொஞ்சம் வலித்திருந்தால் முன்னமே டாக்டரிடம் போயிருப்பார்கள்.

பார்வை போனதற்கு அழுதாள். ஒரு வருஷம் கழித்துத் திடீரென்று, சினிமா போனதற்கும் அழுதாள். இரண்டாவது அழுகை முதலாவதைவிடப் பலமாக இருந்தது. பீம்ராவ் யோசித்தார். முன்பின் தெரியாத கிரேன்காரனுக்கு ஒரு கப்பலின் வயிற்றையே காட்டுகிறோம், கட்டிய பெண்டாட்டிக்கு ஒரு படம் காட்ட முடியாதா?

முதலில் கூட்டிப்போனது ஒரு குடும்பப் படம். பெண்களுக்கு அதுதான் பிடிக்கும் என்று யாரோ சொன்னார்கள்.

"யாருய்யா அழுவுறா?"

"அவனோட அத்தை."

"எந்த அத்தை? சொத்த புடுங்கிக்கினவளா?"

"அவ இல்லமே. இவ அவளோட தங்கச்சி. முன்ன கடுதாசி போட்டாளே..."

அவர் கடுதாசியை விளக்கி முடிப்பதற்குள் திரையில் வேறு இரண்டு பேர் அழத் தொடங்கியிருந்தார்கள். இடைவேளைக்குள் பீம்ராவ் ஒரு தலைமுறை பின்தங்கிவிட்டார். படம் முடிந்து வெளியே வந்தபோது வரலட்சுமி சொன்னாள்: "ரேஷன் கார்டுல பேரு சேக்க போன மாரி கீதுய்யா."

அடுத்த வாரம் தற்செயலாக ஒரு சண்டைப் படத்துக்குப் போனார்கள். ஒருவன் இன்னொருவனின் அண்ணனைக் கொன்றுவிட்டான். இவன் அவனைத் தேடிப் போகிறான். கதை முடிந்தது. முதல் கால் மணி நேரத்திலேயே பீம்ராவ் சொல்ல வேண்டிய கதையெல்லாம் சொல்லியாகிவிட்டது. மீதி இரண்டேகால் மணி நேரமும் அவர் கையில் இருந்தது. அவன் எப்படி நடக்கிறான், எந்தத் தோளை முதலில் திருப்புகிறான், கைக்கடிகாரத்தை எப்போது கழற்றிப் பாக்கெட்டில் போடுகிறான், அதைப் பார்த்து எதிரில் நிற்பவர்களில் எவன் முதலில் எச்சில் விழுங்குகிறான். எல்லாவற்றையும் சொன்னார். வரலட்சுமி நாற்காலி நுனிக்கு வந்து, அவர் முழங்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கல்யாணத்தன்றுகூட அவள் அப்படிப் பிடித்ததில்லை.

அன்றைக்கு இருவரும் ஒரு உண்மையைக் கண்டுகொண்டார்கள். படித்தவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கதை நிறைய இருக்கும் படத்தில் பார்க்க ஒன்றும் இருப்பதில்லை. கதை இல்லாத படத்தில்தான் கண்ணுக்கு வேலை. ஆக, கண் தெரியாத ஒருத்திக்கு ஏற்றது கண்ணுக்காகவே எடுத்த படம்தான். முடிவும் எல்லோருக்கும் முன்னமே தெரியும். அதனால் ஒருவரும் முடிவுக்காகக் காத்திருப்பதில்லை. அவன் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வரும் அழகுக்காகக் காத்திருக்கிறார்கள். ஜெயிப்பான் என்று தெரிந்த ஒருவன் மெதுவாக நடந்து வருவதைப் பார்க்கிற சுகம் வேறு எங்கேயும் கிடைப்பதில்லை. வியாசர்பாடியில் நிச்சயமாகக் கிடைப்பதில்லை.

அதிலிருந்து இருபது வருஷத்துக்கு மேல், சண்டைப் படம் ஒன்றும் தப்பவில்லை. பக்கத்துத் தியேட்டர்களில் எல்லாம் "யோவ், ரேடியோவ நிறுத்துயா" என்று துரத்திவிட்டார்கள். கடைசியில் திருவொற்றியூரில் ஒரு பழைய தியேட்டர் ஏற்றுக்கொண்டது. அங்கே கேன்டீன் நடத்திய தவசிமுத்து அண்ணாச்சிதான் காரணம். சாத்தான்குளம் பக்கத்து ஆள். சர்ச்சுக்கு ஞாயிறு தவறாமல் போவார், சினிமாவுக்குத் தினம் போவார். கடைசி வரிசை மூலையில் இரண்டு இருக்கையை அவர்களுக்கென்று விட்டுவைத்திருந்தார். வெகு சீக்கிரத்தில் அந்த மூலைக்கு முன்வரிசையில் ஒரு கூட்டம் சேர ஆரம்பித்தது. கண் நன்றாகத் தெரிந்தவர்கள்தான். திரையைப் பார்த்துக்கொண்டே பீம்ராவையும் கேட்டால் படம் ஒரு மடங்கு கூடுதலாக ஓடுவதாகச் சொன்னார்கள். பாதி பேர் வெளியே வந்து, படம் சுமார், அவர் சொன்னது நன்றாக இருந்தது என்றார்கள்.

பீம்ராவுக்கு ஒரு விரதம் இருந்தது. படத்தில் இல்லாததைச் சொல்ல மாட்டார். கதாநாயகனின் டோப்பா நழுவினால் அதையும் சொல்வார். "இது நெசமா அடிக்கலமே, கயிறு கட்டி இய்க்கறான், கயிறு தெரிது" என்பார். சிக்னல்காரர் பொய் சொல்லக் கூடாது. கீழே ஆள் நிற்கிறது.

வரலட்சுமிக்கும் ஒரு வழக்கம். ஆள் யார் என்பதற்கு முன்னால் கேட்பாள்: "சட்ட இன்னா கலரு?"

"சாம்பல். நம்ம மாடிப்படி செவுரு மாரி."

"வில்லன்?"

"வெள்ள. இட்லித் துணி வெள்ள இல்ல, டாக்டரு வெள்ள."

அவள் தலையாட்டுவாள். அவள் தலைக்குள் என்ன ஓடியது என்பதை அவர் அவ்வப்போதுதான் அறிந்தார். அவள் கண் நின்றுபோன வருஷத்திலேயே அங்கே எல்லாம் நின்றிருந்தது. கறுப்பு கார் என்றால் அவளுக்கு இன்னும் பழைய கான்டெஸாதான். வில்லன் போனை எடுத்தால் அதற்குப் பின்னால் சுருள் ஒயர் தொங்கியது. கதாநாயகர்கள் மாறினார்கள், அவர்களுடைய மகன்கள் வந்தார்கள். அவள் தலைக்குள் எல்லோரும் தொளதொளப் பேன்ட்டே போட்டிருந்தார்கள். பீம்ராவ் திருத்தவில்லை. அவர் சொன்னது உண்மை. அவள் கண்டது அவள் பாடு.

தொண்டை கம்மத் தொடங்கியபோது எல்லோரும் தூசி என்றார்கள். அந்த வட்டாரத்தில் எந்த நோய்க்கும் முதல் பெயர் தூசிதான். அத்திப்பட்டில் சாம்பல் தூசி, எண்ணூரில் லாரித் தூசி, துறைமுகத்தில் எந்தக் கப்பல் வந்திருக்கிறதோ அந்தத் தூசி. இருமல் தூசி, கண்ணெரிச்சல் தூசி, குழந்தைக்கு மூச்சு இழுத்தாலும் தூசி. தூசிக்கு யாரும் டாக்டரிடம் போவதில்லை; முகம் கழுவுவார்கள். பீம்ராவ் முகம் கழுவினார், வெந்நீர் குடித்தார், மிளகு மென்றார், பீடியைப் பாதியாகக் குறைத்தார். குரல் பழைய கதவு மாதிரி ஆனது.

"வில்லனுக்கு டப்பிங் குட்க்கலாம் நீ" என்றாள் வரலட்சுமி.

மாதவரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்த மாயாதான் பிடித்து இழுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் சௌக்கத் அலி குழாய் விட்டுப் பார்த்தார். பிறகு சுற்றி வளைக்காமல் சொன்னார். குரல்வளையை எடுத்துவிட வேண்டும். எடுத்தால் உயிர் தங்கும். பேச்சு தங்காது. கழுத்தில் ஒரு துளை வழியாக மூச்சு விட வேண்டும். வருகிற வாரம் முடிந்து திங்கட்கிழமை ஆபரேஷன்.

"ஏதாவது கேக்கணுமா?"

"ஒரே ஒரு படம் சொல்லணும் சார்" என்றார் பீம்ராவ்.

டாக்டருக்குப் புரியவில்லை. மாயா விளக்கினாள். டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "படம் முழுக்கப் பேசற நிலைமையில உங்க தொண்டை இல்லீங்க. அதுவரைக்கும் பேச்சைக் குறைச்சு வைங்க. அன்னிக்குக் கொஞ்சம் வரும்."

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் வினையாகிப் போனது.

முதலில் படம் வேண்டும். பீம்ராவ் மறுநாளே திருவொற்றியூருக்குப் போனார்.

"என்ன வே, தொண்டை இன்னும் சரியாவலையா?" என்றார் அண்ணாச்சி.

பீம்ராவ் காற்றும் குரலுமாக விஷயத்தைச் சொன்னார். அண்ணாச்சி பாப்கார்ன் இயந்திரத்தை நிறுத்தினார். ஓடிக்கொண்டிருந்தபோது கேட்கத் தகுந்த செய்தி அல்ல அது.

"கதை கம்மியா கீற படம் எதுனா சொல்லு அண்ணாச்சி."

"இப்ப எவன் வே எடுக்கான்?" அண்ணாச்சிக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. "உள்ள ஓடுதே ஒண்ணு, மூணு தடவ பாத்துட்டேன். செத்தவன் இடைவேளைக்கு அப்புறம் வாரான். கேட்டா, அது முந்தின காலமாம். அதுக்கு முந்தின காலம் இனிமேத்தான் வருமாம், அடுத்த பாகத்துல. வில்லனுக்குச் சின்ன வயசுல அடி விழுந்துச்சாம், அதனால நாம அவன்மேல எரக்கப்படணுமாம். டிக்கெட் எடுத்தவன்மேல எவன் எரக்கப்படுதான்?"

பீம்ராவ் பெஞ்சில் உட்கார்ந்தார். இருபது வருஷம் படம் சொன்னவருக்கு, சொல்லத் தகுந்த படம் ஒன்று ஊரில் இல்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. தூசி என்று துடைத்துக்கொண்டார்.

அண்ணாச்சி நான்கு பேருக்குப் போன் போட்டார். நான்காவது ஆளிடம் வெகுநேரம் தலையாட்டினார். பிறகு முகம் மலர்ந்து திரும்பினார்.

"வெள்ளிக்கெழம ஒண்ணு வருது. புதுப் பய எடுத்தது, பேரு கெடையாது, போஸ்டர்கூட ஒழுங்கா ஒட்டல. நம்மகிட்ட ரெண்டு நாள் ஓடும். கதைன்னு பாத்தா, ஒருத்தன் லாரி ஓட்டுதான். லாரிய எவனோ தூக்கிட்டுப் போயிடுதான். இவன் போய்க் கேக்கான்."

"அப்பால?"

"அப்பால என்ன அப்பால? லாரி போச்சு. லாரி வேணும். அம்புட்டுதான் வே!"

பீம்ராவ் அண்ணாச்சியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பிடித்த பிடியில் நன்றி சொல்லியாகிவிட்டது. ஒரு வார்த்தை மிச்சம்.

அந்த வாரம் முழுக்க அவர் மிச்சம் பிடித்தார். டாக்டர் சொன்னது குறைத்துப் பேச. இவர் பேச்சையே நிறுத்தினார். வேலைக்கு விடுப்பு. வீட்டில் காலையிலிருந்து இருப்பார், ஆனால் இருப்பது தெரியாது. கண் தெரிகிறவர்களுக்கு மௌனம் வெறும் மௌனம். வரலட்சுமிக்கு அது ஆள் இல்லாத வீடு.

"வூட்ல கீறியாய்யா?"

தம்ளரை எடுத்துத் தரையில் இருமுறை தட்டுவார். இருக்கிறேன்.

"நாஸ்டா துன்னியா?"

ஒருமுறை தட்டுவார். ஆயிற்று.

நான்கைந்து நாள் அவளே இரண்டு பேருக்குமாகப் பேசினாள். குழாயடிச் சண்டை, மாயாவுக்கு வந்த வரன், மாயா பிறந்தபோது புளியந்தோப்பில் முழங்கால் தண்ணீரில் ஆட்டோ நின்றது, அவர் இறங்கித் தள்ளியது. "தள்ளிகினே இன்னா சொன்னே தெர்தா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். அவருக்குத் தெரியும். சிரிக்கவும் வந்தது. சொன்னால் ஐந்து வார்த்தை செலவாகும். தம்ளரைத் தட்டினார்.

வியாழக்கிழமை அவள் தாங்கவில்லை. "எதுனா பேசுய்யா. இன்னும் நாலு நாளைக்கு அப்பால கேட்டாலும் வராது. என்னியா கட்டிகினே, படத்தியா?"

அவர் எழுந்து வந்து அவள் தோளில் கை வைத்தார். அது போதும் என்று நினைத்தார்.

மாயாவும் வாசலில் நிறுத்திச் சொல்லிப் பார்த்தாள். "நைனா, அம்மாகிட்ட ரெண்டு வார்த்த பேசு நைனா. படம் ஒண்ணும் ஓடிப்பூடாது."

பீம்ராவ் உள்ளங்கையை விரித்து நீட்டினார். நிறுத்து. அவருக்குச் சொல்ல வேண்டியது இல்லாமல் இல்லை. நிறைய இருந்தது. அதையெல்லாம் படம் முடிந்து திரும்பி வரும்போது, பஸ்ஸில், பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்திருந்தார். முதலில் படம், பிறகு பஸ். திட்டத்தில் ஒரு குறையும் இல்லை. தொண்டையிடம்தான் யாரும் கலந்து பேசவில்லை.

வெள்ளிக்கிழமை மேட்னி. வரலட்சுமி சலவைப் புடவை கட்டியிருந்தாள். கூட்டம் இல்லை, ஆனால் முன்வரிசைப் பழைய ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். அண்ணாச்சி வாய் சும்மா இருக்காது. விளக்கு அணைந்ததும் பீம்ராவ் ஒரு மிடறு வெந்நீர் குடித்துவிட்டுத் தொடங்கினார்.

"லாரி. பச்ச லாரி. மொகத்துல மட்டும் மஞ்ச. அவன் அத்த கய்வுறான்மே, கொயந்தய கய்வுற மாரி. காதுக்குப் பின்னால கய்வுறான்."

கரகரத்த குரல்தான். ஆனால் அந்தப் படத்துக்கென்றே அடித்து வைத்த மாதிரி இருந்தது. படமும் ஏமாற்றவில்லை. பேர் தெரியாத அந்தப் பயல் ஒரு வசனத்தைக்கூட வீணாக்கவில்லை. லாரியைத் தூக்கினார்கள். லாரி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. கதாநாயகன் குனிந்து அதைத் தொட்டு, விரலை முகர்ந்து பார்த்தான். தேடிக் கிளம்பினான். கேட்கிற இடத்தில் எல்லாம் ஒரே கேள்வி: என் லாரி எங்கே? சொன்னவனை விட்டான், சொல்லாதவனை அடித்தான்.

"அடிக்கறதுக்கு முன்னால இன்னா பண்றான்?" என்றாள் வரலட்சுமி.

"செருப்ப கய்ட்டி ஓரமா வெக்கறான். ஜோடியா. அடிச்சி முட்ச்சிட்டு வந்து மாட்டிக்கறான்."

"ஷோக்குடா!" என்று அவள் தொடையில் அடித்துக்கொண்டாள். முன்வரிசை திரும்பிப் பார்த்துச் சிரித்தது.

இடைவேளையில் அண்ணாச்சி சுக்கு வெந்நீர் கொண்டுவந்தார். பீம்ராவ் சைகையால் நன்றி சொன்னார். இரண்டாம் பாதியில் குரல் நூலாகி, நூலும் பிரியத் தொடங்கியது. அவர் சொற்களைக் குறைத்தார். வர்ணனையைக் குறைக்கவில்லை. வரலட்சுமி காதை அவர் உதட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். கடைசியாக, வில்லனின் கிடங்கு. உள்ளே பச்சை லாரி. வெளியே மழை. கதாநாயகன் அதுவரை போட்டிருந்த அழுக்குச் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, பையிலிருந்து மடிப்புக் கலையாத வேறு சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான். திரை முழுக்க அந்த நிறம் நின்றது. பீம்ராவ் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த நிறம் அவருக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். இருபது வருஷத்தில் அதற்கு இணை சொல்ல இப்படி ஒரு பொருத்தம் வாய்த்ததில்லை.

"கதவாண்ட வந்து நின்னான். அவசரமே இல்லமே அவனுக்கு. சட்ட..."

அதற்குப் பிறகு காற்றுதான் வந்தது.

"சட்ட?" என்றாள் அவள்.

அவர் வாயை அசைத்தார். இருமிப் பார்த்தார். வெந்நீர் குடித்தார். திரையில் கதவு திறந்தது, கதாநாயகன் நடந்தான். இசை அதிர்ந்தது. நாற்காலிகள் உடைந்தன, ஆட்கள் உடைந்தார்கள். வரலட்சுமி அவர் முழங்கையைப் பிடித்தபடி இருட்டில் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். முன்வரிசையிலிருந்து ஒருவன் திரும்பினான். "இன்னா நைனா, நிறுத்திக்கினே?" பக்கத்திலிருந்த இன்னொருவன் அவன் தலையில் தட்டினான். படம் முடியும்வரை அந்த வரிசையில் ஒருவரும் திரையைச் சரியாகப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் அவளுக்கு. நெடுஞ்சாலையில் நெரிசல், வாகனங்களெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து நின்றன. பீம்ராவ் ஒதுக்கி வைத்திருந்ததை எடுக்கப் பார்த்தார். வாய் திறந்தது. சத்தத்துக்குப் பதிலாக வெப்பமான காற்று அவள் கன்னத்தில் பட்டது. மறுபடி, மறுபடி.

"உடுய்யா" என்றாள் வரலட்சுமி. "வூட்டுக்குப் போய் பாத்துக்கலாம்." ஒரு நிறுத்தம் கழித்து அவளே சொன்னாள்: "ஆட்டோவ தள்ளிகினே இன்னா சொன்னே தெர்மா? 'பொண்ணா பொறந்தா நீச்ச கத்துக் குட்த்துடலாம்'ன்னே. எனுக்கு நாபகம் கீது. நீ கவலப்படாத."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் குரல் திரும்பவில்லை. திங்கட்கிழமை அதை எடுத்துவிட்டார்கள்.

உயிர் தங்கியது. டாக்டர் சொன்னது சொன்னபடி. கழுத்தில் துளை, அதன்மேல் சிறிய துணி. கதிர்வீச்சுக்குப் போக வர இருந்தது. துறைமுகத்தில், குணமானதும் வரலாம் என்றார்கள். கைக்கு ஒன்றும் ஆகவில்லையே. கழுத்தில் வைத்துப் பேசுகிற மின்சாரக் கருவி ஒன்றை டாக்டர் காட்டினார். ஆஸ்பத்திரியில் பீம்ராவ் அதை வைத்து "லட்சு" என்று கூப்பிட்டார். அவள் திடுக்கிட்டு மாயா பக்கம் ஒதுங்கி, "யாருடி அது?" என்றாள். அவர் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வீட்டில் ஒரு சிலேட்டு. அவர் எழுதுவார், வரலட்சுமிக்குப் படிக்க முடியாது, ஆகவே மாயா வேலையிலிருந்து வந்ததும் படித்துக் காட்டுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் படத்தின் மீதியை எழுத ஆரம்பித்தார். மாயா சத்தமாக வாசித்தாள்: "பிறகு அவன் கதவைத் திறந்தான். உள்ளே சென்றான். பத்து பேர் இருந்தனர்."

"பேப்பர் படிக்காதடி" என்றாள் வரலட்சுமி. மாயா நிறுத்தினாள். பீம்ராவ் சிலேட்டைத் துடைத்தார். ஒருவருக்கும் கோபமில்லை. எல்லோரும் எழுந்து ஏதேதோ வேலையைப் பார்க்கப் போனார்கள்.

பங்குனி வெயிலில் ஒரு மத்தியானம். கரன்ட் போய்விட்டது. மின்விசிறி நின்றதும் கட்டடம் முழுக்க ஒரு அமைதி. மாயா வேலைக்குப் போயிருந்தாள். இருவரும் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"யோவ்."

தம்ளர் எட்டவில்லை. அவர் அவள் கையைத் தொட்டார்.

"அவன் கதவாண்டயே நின்னுகினு கீறான்யா எனுக்கு. எத்தினி மாசம் ஆச்சு. மழயில நனஞ்சிகினே நிக்கறான். உள்ள வுடு அவன."

பீம்ராவ் அவள் பக்கம் திரும்பினார்.

"முடிவு எனுக்குத் தெர்யாதா? லாரிய வாங்கினு வந்துடுவான். அத்த நீ சொல்ல வாணாம். எப்டி நடந்து போனான், அத்த சொல்லு."

அவர் அவள் வலது கையை எடுத்துத் தன் மடியில் நீட்டி வைத்தார். முழங்கையின் உட்புறம் மழை பெய்தது. ஐந்து விரலும் மெதுவாகத் தட்டின. அவள் மூச்சை இழுத்தாள். ஆட்காட்டி விரலும் நடுவிரலும் எழுந்து நின்றன. நின்றபடியே ஒரு விரல் மற்றதிலிருந்து எதையோ உதறி ஓரமாக வைத்தது.

"செருப்பு!" என்றாள் வரலட்சுமி.

உள்ளங்கையில் ஆட்காட்டி விரல் மேல்நோக்கிச் சுழன்றது. சரி, ஏற்று. பிறகு இரண்டு விரலும் முழங்கையிலிருந்து மணிக்கட்டை நோக்கி ஓர் அடி வைத்தன.

அவள் சட்டென்று அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டாள். "இரு. சட்ட இன்னா கலரு?"

பீம்ராவ் சிலேட்டைப் பார்த்தார். மாயா வர சாயங்காலம் ஆகும். எழுந்து போனார். பீரோ திறக்கும் சத்தம், துணிகள் புரளும் சத்தம். திரும்பி வந்து அவள் மடியில் ஒன்றை வைத்தார். அவள் தடவினாள். கனமான பட்டு, ஓரத்தில் ஜரிகை முள்.

"என் கல்யாணப் பொடவ." அவளுக்குக் குழப்பம். பிறகு முகம் சுருங்கியது. "கடசில கல்யாணமா? லாரிய வாங்கினு வந்து கல்யாணம் பண்ணிக்கினானா? தூ! ஷோக்கா போய்கினு கீற படத்த கெட்த்துட்டானுங்களே!"

விரித்த உள்ளங்கை அவள் உள்ளங்கையில் வந்து பதிந்தது. நிறுத்து. அவர் அவள் கையை எடுத்துத் தன் சட்டைமேல் வைத்தார். பிறகு புடவையின்மேல். மறுபடி சட்டை. மறுபடி புடவை. பீம்ராவின் தோள்கள் குலுங்கியதை அவள் உணர்ந்தாள். சிரிக்கிறாரா அழுகிறாரா என்பது தெரியவில்லை, இரண்டுக்கும் இப்போது ஒரே சத்தம்தான், அதாவது சத்தமில்லை.

"சட்ட..." என்றாள் அவள் மெதுவாக. "சட்ட இந்தக் கலரா?"

மேல்நோக்கி ஒரு சுழற்சி.

வரலட்சுமி புடவையை இரண்டு கையாலும் எடுத்து முகத்தருகே கொண்டுபோனாள், பார்க்கிறவர்கள் செய்வது போல. வெகுநேரம் வைத்திருந்தாள். பாச்சா உருண்டை வாசனை வந்தது. அதற்குப் பின்னால் ஒன்றும் வரவில்லை.

"மெரூனுன்னு சொல்வாங்க" என்றாள். "பேரு நாபகம் கீது. கலரு பூட்ச்சுய்யா. செகப்பு, பச்ச, எல்லாமே ரொம்ப நாளாச்சு. நீ சொல்லுவியே, மாடிப்படி செவுரு, இட்லித் துணின்னு, நல்லா இருக்கும் கேக்க. அதுக்குத்தான் கேப்பேன்."

கீழே யாரோ தண்ணீர் லாரிக்கு ஆள் கூப்பிட்டார்கள். பீம்ராவ் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சொல்வதற்கு இணை ஒன்று, உன் கல்யாணப் பொடவ மாரி என்று, அவரிடம் தயாராக இருந்தது. அந்தத் தியேட்டர் இருட்டிலிருந்து அது அப்படியே தொண்டைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தது.

அவள் புடவையை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். வலது கையை நீட்டினாள்.

"சரி, பரவால்ல. பாவம், நிக்கறான். நடக்க வுடு."

இரண்டு விரல்களும் முழங்கையிலிருந்து மறுபடியும் கிளம்பின. அவசரமே இல்லாமல்.